மனதைப் படித்தவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 54 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நூற்பாலை ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறார். பதினாறு மாதங்களுக்கு முன் அவருடைய மனைவி கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். கல்லூரியில் படிக்கும் ஒரே மகளுடன் வசிக்கிறார். தூக்கமும் பசியும் போய், அலுவலகத்தில் கூட்டல் கழித்தலே தவறத் தொடங்கியபோது அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தார். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் ஓரளவு தேறினார்.

அந்த நிலையில்தான் நண்பர் ஒருவர் அவரை ஒரு குருஜியிடம் அழைத்துப் போனார். மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார் என்று அந்தக் குருஜிக்குப் பெயர். ஒரு சிறு காகிதத்தின் நடுவே வட்டம் வரைந்து, அதற்குள் மனைவியின் பெயரையும் மனதில் உள்ள கேள்வியையும் எழுதச் சொன்னார். வாசகர் எழுதி, மடித்துக் கொடுத்தார். குருஜி அதைப் பிரிக்காமலே துண்டு துண்டாகக் கிழித்து, தாம்பாளத்தில் போட்டு எரித்தார். பிறகு கண்ணை மூடி, மனைவியின் பெயரைச் சொன்னார். “அவள் என்னை மன்னித்துவிட்டாளா?” என்ற கேள்வியையும் சொன்னார். இறந்த தேதி, வயிற்று நோய், வீட்டில் நின்றுபோன கடிகாரம் என்று வரிசையாக வந்தது. “அந்த அம்மா இன்னும் சாந்தியடையவில்லை” என்று முடித்தார்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் 5,000 ரூபாய். இதுவரை 85,000 ரூபாய் போயிருக்கிறது. சாந்தி பூஜைக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். மாத்திரை மன அலைகளைத் தடுக்கிறது என்று அவர் சொன்னதால் ஐந்து வாரங்களுக்கு முன் வாசகர் அதை நிறுத்திவிட்டார். தலைக்குள் மின்சாரம் பாய்வது போல அதிர்ச்சிகள் வந்தபோது, உள்ளிருக்கும் அழுக்கு வெளியேறுகிறது என்று குருஜி விளக்கம் சொன்னார். இப்போது வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட, தான் நினைப்பது அவருக்குக் கேட்டுவிடுமோ என்று வாசகர் பயப்படுகிறார். மகள் இதை ஏமாற்று வேலை என்கிறாள். இருவருக்கும் பேச்சே குறைந்துவிட்டது. அவர் உண்மையிலேயே என் மனதைப் படித்தாரா, நான் போவதை நிறுத்தினால் மனைவியின் ஆன்மா வருந்துமா, மாத்திரை தேவைதானா என்பவை வாசகரின் மூன்று கேள்விகள். கடிதத்தின் அடியில் ஒரு வரி: “சில இரவுகளில், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.”

முதலில் அந்தக் கடைசி வரி

ஐயா, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரவுகளில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? ஆம் என்றால், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ஐயும் அழைக்கலாம். எண்ணம் வலுவாக இருந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மகளுடன் செல்லுங்கள்.

அந்த அளவுக்கு இல்லை, அலுப்புதான் என்றாலும் இரண்டு காரியங்களை இன்றே செய்யுங்கள். மகளிடம் இந்த வரியைச் சொல்லுங்கள். அவளைப் பயமுறுத்திவிடுவோமோ என்று தயங்குவீர்கள். தகப்பன் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தும் என்னவென்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய பயம். இரண்டாவது, உங்கள் மனைவிக்கு வலிக்காகக் கொடுத்த மாத்திரைகள் வீட்டில் மீதம் இருந்தால் அவற்றைச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தக் காகிதத்துக்கு என்ன ஆனது?

இனி உங்கள் முதல் கேள்வி. இல்லை, அவர் உங்கள் மனதைப் படிக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் படித்தார்.

நடுவில் வட்டம் வரையச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாமே அதில்தான் இருக்கிறது. காகிதத்தை இரண்டாகவும் பிறகு நான்காகவும் மடித்தால், நடுப்பகுதி முழுவதும் ஒரு மூலைக்கு வந்துவிடும். கிழிக்கும்போது அந்த மூலை மட்டும் கட்டைவிரலுக்கு அடியில் தங்கிவிடும். மற்ற துண்டுகள் தாம்பாளத்துக்குப் போகும். தீக்குச்சியைப் பற்றவைக்கும்போது அவர் தலையைக் குனிவது இயல்பாகத் தெரியும். உங்கள் கண் தீயின் மேல் இருக்கும். அவர் கண் உள்ளங்கையில் விரிந்த துண்டின் மேல் இருக்கும். மேஜிக் கலைஞர்களிடம் தலைமுறைகளாகப் புழங்கும் வித்தை இது. மேடையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும்போது மகிழ்ச்சி தரும் அருமையான கலையும்கூட. துயரத்தில் இருப்பவரின் முன்னால் அதைச் செய்துவிட்டுத் தெய்வ சக்தி என்று சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் தன் சக்தியைத் தானே மனதார நம்புகிறவராக இருக்கலாம் அல்லவா என்று நீங்கள் நினைக்கக்கூடும். கைரேகை பார்ப்பவர்களில் அப்படி உண்மையாகவே நம்புகிறவர்கள் உண்டு. துண்டுக் காகிதத்தை விரலுக்கடியில் ஒளித்துவைப்பவர் தெரிந்தேதான் ஒளித்துவைக்கிறார்.

பெயர் காகிதத்திலேயே இருந்தது. இறந்த தேதி? உங்கள் கடிதத்திலேயே இரண்டு குறிப்புகள் கிடைத்தன. முதலாண்டு நினைவு நாளுக்கு நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். நம் ஊரில் ஒருவர் இறந்தால் தெருமுனை வரை கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுகிறோம். பிறந்த தேதி, இறந்த தேதி, கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் படத்தோடு அதில் இருக்கும். நண்பர் முன்கூட்டியே போன் செய்து உங்கள் பெயரைச் சொல்லி நேரம் வாங்கியிருக்கிறார். இன்னொன்று, உள்ளே போகும் முன் காத்திருக்கும் கூடத்தில் ஓர் அம்மா டீ கொடுத்துவிட்டு வெகு நேரம் பரிவாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற மதப் பிரசாரகர், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் கடவுள் தனக்குச் சொல்வதாகக் கூறிவந்தார். 1986-இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் ரேடியோ கருவியை வைத்து உண்மையைப் பிடித்தார்கள். பிரசாரகரின் காதில் ஒரு சிறு ஒலிக்கருவி இருந்தது. கூட்டம் தொடங்கும் முன் மக்களிடமிருந்து திரட்டிய விவரங்களை அவருடைய மனைவி மறைவிலிருந்து அதன் வழியே சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் ஊர்க் கூடத்தில் அவ்வளவு கருவிகூடத் தேவைப்படவில்லை.

நீங்களே சொன்னவை

வயிற்று நோய், நின்ற கடிகாரம் ஆகியவை வேறு வகை. “மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏதோ ஒரு வேதனை” என்றுதான் அவர் தொடங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு, நுரையீரல், ஈரல், கணையம், குடல் என்று எத்தனை நோய்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். “வயிறு” என்றபோது உங்கள் முகம் மாறியிருக்கும். அதன் பிறகு அவர் மார்பைப் பற்றிப் பேசவில்லை. நின்றுபோன கடிகாரம் ஒன்றாவது இல்லாத வீடு எது? “உங்களுக்கு ஆண் வாரிசு இல்லையா?” என்று கேட்டாராம். இல்லை என்று நீங்கள் சொன்னால், “அதுதான் தெரிகிறது” என்பார். இருக்கிறான் என்றால், “அவன் ஏன் உங்கள் பக்கத்தில் தெரியவில்லை என்றுதான் கேட்டேன்” என்பார். எப்படிப் பதில் சொன்னாலும் அவர் சரி.

இதில் முகத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஒரு குதிரை சாட்சியாக இருந்தது. வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். உரிமையாளர் மோசடிக்காரர் அல்ல. மற்றவர்கள் கேட்டாலும் அது சரியாகவே சொன்னது. ஆஸ்கர் ஃப்ங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து, 1907-இல் விடையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியாதபோதும் ஹான்ஸ் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மிகச் சிறிதாக அசைந்தது. குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும், தன் உடல் அந்தச் சைகையைக் காட்டுவதை ஃப்ங்ஸ்டால் முழுமையாகத் தடுக்க முடியவில்லை.

கணக்குப் பார்க்கும் மூளை எனக்கு, நான் எப்படி ஏமாந்தேன் என்று நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். அறிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனியாக முடிவு எழுதித் தருவதாகச் சொன்னார். உண்மையில் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுகிறீர்கள், சரியான முடிவைத்தான் எடுத்தோமா என்று சில சமயம் சந்தேகப்படுகிறீர்கள் என்பது போன்ற வரிகள். பெரும்பகுதி ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. அவர்கள் உளவியல் படித்தவர்கள், துக்கத்திலும் இல்லை. நீங்களோ மனைவியை இழந்து, ஒரு வார்த்தையாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டு போனவர்.

மனதைப் படிக்கும் சக்தி உண்டா என்று நேரடியாகச் சோதித்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பேராசிரியர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். அவர் வைத்த சோதனைகளில் ஒன்று, உறையில் வைத்து ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது. 1978-இல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்து நடத்தினார். அவரிடமும் யாரும் ஜெயிக்கவில்லை. இதைக் கேட்டு நீங்கள் குருஜியிடம் போய் ரூபாய் நோட்டை நீட்ட வேண்டாம். அவர் ஏதாவது காரணம் சொல்வார். நீங்கள் இன்னும் 5,000 கொடுத்துவிட்டு வருவீர்கள்.

மன்னிப்பு என்ற கேள்வி

வித்தையைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் உங்களைப் பிடித்துவைத்திருப்பது வித்தை அல்ல. வட்டத்துக்குள் நீங்கள் எழுதிய கேள்விதான். வயிறு மந்தமாக இருக்கிறது என்று மனைவி சொன்னபோது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் இரண்டு வாரம் கழித்துத்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். அந்த இரண்டு வாரத்தை நீங்கள் பதினாறு மாதங்களாகச் சுமக்கிறீர்கள். குருஜி அதைப் பார்த்துவிட்டார். மன்னித்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அன்றே நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இன்னும் இல்லை என்று சொன்னதால்தான் திரும்பத் திரும்பப் போனீர்கள்.

மருத்துவனாக உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியே தெரிகிறது. கணையம் வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. ஆரம்ப அறிகுறிகள் சாதாரண அஜீரணம் போலவே இருக்கும். அந்த மந்தம் தெரிந்தபோதே கட்டி உள்ளே வெகு காலமாக வளர்ந்திருக்கும். இரண்டு வாரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்ற உங்கள் கணக்கு தவறு என்றே நினைக்கிறேன். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரிடம் மனைவியின் அறிக்கைகளோடு போய், இதே கேள்வியை நேராகக் கேளுங்கள். இறந்தவரின் குடும்பம் திரும்ப வந்து கேட்பது வழக்கத்தில் இல்லாத ஒன்றல்ல.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆன்மாவைப் பற்றி முடிவு சொல்வது என் வேலை அல்ல. திதி கொடுங்கள், அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யுங்கள், கோயிலுக்குப் போங்கள். அவை உங்கள் அன்பின் வழிகள். அதற்கு யாரும் ஒன்றரை லட்சம் விலை வைக்கவில்லை. உங்களோடு 25 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், காசு கொடுக்காவிட்டால் சாந்தியடைய மாட்டார் என்று சொல்ல, அவரை ஒருநாள்கூடப் பார்த்திராத ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

நினைப்பது கேட்டுவிடுமோ என்ற பயம்

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மனதில் இருந்ததை ஒருவர் கண்ணெதிரே சொல்லிவிட்டார் என்று நம்பியவருக்கு, வீட்டிலும் அந்தப் பயம் தொடர்வது புரிந்துகொள்ளக்கூடியதே. கெட்டதாக ஏதாவது நினைத்துவிடுவோமோ என்று பயந்தால் அந்த நினைப்புதான் முதலில் வரும். தூக்கமும் இல்லாவிட்டால் பயம் இரட்டிப்பாகும். காகிதம் கிழிந்த விதம் புரிந்த பிறகு இது தானாகவே தணியும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். “கேட்டுவிடுமோ” என்ற சந்தேகமாக இருக்கும்வரை அது கவலை. கேட்கிறது என்ற அசைக்க முடியாத உறுதியாக மாறினாலோ, ஆளில்லாதபோது குரல்கள் கேட்டாலோ, உங்கள் எண்ணங்களை வேறு யாரோ புகுத்துவதாகத் தோன்றினாலோ, அது சிகிச்சை தேவைப்படும் மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அப்படியே இருந்தாலும் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்தப் பயத்தை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எங்களுக்கு இது பழகிய விஷயம்.

மாத்திரை

தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது அழுக்கு வெளியேறியதால் அல்ல. எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைச்சுற்றல், மின் அதிர்ச்சி போன்ற உணர்வு, எரிச்சல், கெட்ட கனவுகள் வரலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அதனால்தான் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தச் சொல்கிறோம். இது மதுவைப் போலவோ புகையிலையைப் போலவோ ஆளை அடிமையாக்கி, இன்னும் வேண்டும் என்று ஏங்கவைக்கும் மருந்து அல்ல.

என்னைக் கவலைப்படவைப்பது வேறு. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வருவது, சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. இவை மாத்திரையை விட்டதால் வந்த தற்காலிகத் தொல்லையாகத் தெரியவில்லை. மனச்சோர்வு திரும்பி வருகிறது. துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. துக்கத்துக்கு மருந்து கிடையாது. கேட்கும் காதும் காலமும் வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

பழைய மாத்திரை அட்டையை எடுத்து நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். இந்த வாரமே முன்பு பார்த்த மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய நாள், நிறுத்தச் சொன்னவர், அதன்பின் வந்த தொல்லைகள் அனைத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்காத மனநல மருத்துவரே கிடையாது. ஆலையில் தெரிந்துவிடுமோ என்றும் எழுதியிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவர் உங்கள் முதலாளிக்குத் தகவல் சொல்ல மாட்டார்.

பணம்

ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கொடுத்த 85,000 திரும்பக் கிடைக்குமா என்பது கடினமான கேள்வி. யு.பி.ஐ. மூலம் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பதிவுகளையும், பூஜைக்குப் பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஏமாற்றிப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318-ஆவது பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுத்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருப்பது தெரிகிறது, அது நியாயமும்தான். ஆனால் புகார் கொடுத்தால் விசாரணையில் உங்கள் துக்கத்தைப் பலர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது உங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. முதலில் தூங்கத் தொடங்குங்கள்; ஆதாரங்கள் கையில் இருக்கட்டும். தெளிந்த பிறகு, ஒரு வழக்கறிஞரைக் கலந்து முடிவெடுங்கள். அதிகம் தாமதமானால் வழக்கு பலவீனப்படும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆனால், குருஜி மிரட்டினாலோ சாபம் விடுவதாகச் சொல்லிப் பணம் கேட்டாலோ, நாள் பார்க்காமல் அன்றே புகார் கொடுங்கள். அவரிடம் நேரில் போய்ச் சண்டை போடவோ விளக்கம் கேட்கவோ வேண்டாம். அழைப்பை எடுக்காமல் இருந்தாலே போதும். அழைத்துப்போன நண்பரையும் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவரும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள்.

மகளைப் பற்றி ஒன்று. “ஏமாந்துவிட்டீர்கள்” என்று அவள் சொல்லும்போது உங்களைக் கேவலப்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறீர்கள். பதினாறு மாதங்களுக்கு முன் அவளும் தாயை இழந்தாள். அதன்பின் தகப்பனும் வேறொருவரின் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மாவைப் பற்றிப் பேச அந்த வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் முறை முடிந்ததும், அவள் தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாளா என்று அவளிடமும் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.